உயரம் வந்துவிட்டது, உரம் வரவில்லையே!

கேள்வி: டாக்டர் அம்மா, நாங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து இங்கே வந்தவர்கள். கணவருக்கு சென்ட்ரிங் வேலை. நான் சோழிங்கநல்லூரில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறேன்.

பெரியவனுக்கு 14 வயது. ஒன்பதாவது படிக்கிறான். ஒரே வருஷத்தில் பேன்ட் எல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது, அப்படி வளர்ந்துவிட்டான். போன மாதம் கிரிக்கெட் ஆடும்போது கையை ஊன்றி விழுந்தான். பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு விட்டுவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறோம். கொஞ்ச நாளாகவே முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்றும் சொல்கிறான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் விட்டமின் டி 17 என்று வந்தது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் 310 என்று போட்டு, பக்கத்தில் 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் ரிப்போர்ட்டைக் காட்டினோம், 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் பத்து கொடுத்தார்கள். தினமும் ஒன்றா, வாரம் ஒன்றா என்று கேட்க மறந்துவிட்டேன். ஐந்து நாளாக தினமும் கலக்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

அவனுக்குப் பால் என்றாலே ஆகாது, குமட்டும். மூன்று வேளையும் சோறுதான். நாங்கள் கேன் தண்ணீர் குடிக்கிறோம், அதனால்தான் எலும்பு வலுவிழந்துவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அவனோ ஜிம்முக்குப் போகணும், புரோட்டீன் பவுடர் வேணும் என்று நிற்கிறான். சின்னவனுக்கு 9 வயது. அண்ணனுக்கு வந்தது அவனுக்கும் வராமல் இருக்க இப்போதே கால்சியம் மாத்திரை ஆரம்பிக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரும்பாக்கம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பவுடர் பாக்கெட்டை இன்றே நிறுத்துங்கள். பயப்பட வேண்டாம். ஐந்து பாக்கெட் என்றால் மொத்தம் 3 லட்சம் யூனிட். குறைபாடு உள்ள ஒரு பிள்ளைக்கு வாரம் ஒன்று என்று ஆறு வாரம் கொடுத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். ஆக, முழுச் சிகிச்சையையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டீர்கள். இதனால் கெடுதல் வருவது அபூர்வம். மீதி ஐந்தையும் கொடுத்து, தீர்ந்ததும் இன்னும் பத்து வாங்கியிருந்தால்தான் வம்பு. இந்த விட்டமின் கொழுப்பில் தங்கும், சிறுநீரில் சுலபமாக வெளியேறாது. அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் என்று தொடங்கி, கடைசியில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இவற்றில் ஏதாவது தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், எத்தனை பாக்கெட் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும், மாவுக்கட்டு போட்ட மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது காலி பாக்கெட்டையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

இனி ரிப்போர்ட். 310 என்று பார்த்துப் பதறியிருப்பீர்கள். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்பது எலும்பு மும்முரமாக வளரும்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதி. வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்கு 130 சொச்சத்துக்குள் இருக்கும். விறுவிறுவென்று உயரம் போடும் 14 வயதுப் பையனுக்கு 300, 400 என்று இருப்பது இயல்பு. பல ஆய்வகங்கள் பெரியவர்களுக்கான எல்லையையே எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுக்கின்றன. பிள்ளைகளின் வயது பார்த்து எல்லை போடாத ரிப்போர்ட்டால் எத்தனை தாய்மார்கள் தூக்கம் கெட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகனின் 310 அவன் வளர்கிறான் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

விட்டமின் டி 17 என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிள்ளைகளைப் பொறுத்தவரை ஒரு மில்லிலிட்டரில் 12 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு. 12 முதல் 20 வரை போதாமை. 20க்கு மேல் போதுமானது. நிறைய ஆய்வகங்கள் 30க்குக் கீழே எல்லாவற்றையும் 'குறைவு' என்று போட்டுவிடுகின்றன. அதனால் 24, 26 உள்ள நல்ல பிள்ளைகளும் பாக்கெட் பாக்கெட்டாகக் குடிக்கிறார்கள். உங்கள் மகன் நடுப் பகுதியில் நிற்கிறான். எலும்பும் விட்டிருப்பதால் சரிசெய்ய வேண்டியதுதான். அதற்கான அளவு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு முறை பார்த்தால் போதும்.

கை ஊன்றி விழுந்ததற்கே ஏன் எலும்பு விட்டது? இதுதான் உங்கள் கடிதத்தின் முக்கியக் கேள்வி என்று நினைக்கிறேன்.

கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எலும்பை அளந்துகொண்டே வந்தார்கள். பையன்கள் மிக வேகமாக உயரம் போட்டது சராசரியாக 13.4 வயதில். எலும்புக்குள் தாது மிக வேகமாக ஏறியது 14.1 வயதில். இடையில் எட்டு மாதம். இந்த எட்டு மாத காலத்தில் எலும்பு நீண்டுவிடுகிறது, ஆனால் அந்த நீளத்துக்கு வேண்டிய சுண்ணாம்பும் பாஸ்பரஸும் இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், சொல்வார்: கான்கிரீட் போட்ட அன்றைக்கே அது தளம் மாதிரித்தான் தெரியும், ஆனால் நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைத்த பிறகுதான் பாரம் தாங்கும். இந்த இடைவெளியில்தான் 11 முதல் 14 வயதுப் பையன்களுக்கு மணிக்கட்டுப் பக்கம் எலும்பு முறிவது அதிகம். அதனால் இந்த ஒரு முறிவை வைத்து அவனுக்கு எலும்பு நோய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பெரியவனான பிறகு ஒருவனிடம் இருக்கும் எலும்புத் தாதுவில் கிட்டத்தட்ட கால்பங்கு, அந்த உச்ச வேகத்தைச் சுற்றிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. உச்சத்தில் ஒரு பையனின் எலும்பு நாளொன்றுக்குச் சுமார் 360 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாப்பிடுவதில் மூன்றில் ஒரு பங்கு உடலில் ஒட்டினாலே அதிகம், சிறுநீரிலும் வியர்வையிலும் கொஞ்சம் போய்விடும். இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில் 13 முதல் 15 வயதுப் பையனுக்கு தினம் 1000 மில்லிகிராமும், 16 முதல் 18 வயதுக்கு 1050 மில்லிகிராமும் கால்சியம் வேண்டும் என்றார்கள். உழைத்து நிற்கும் அவன் அப்பாவுக்கு வேண்டிய அளவே இந்தப் பிள்ளைக்கும் தேவை.

இப்போது அவன் தட்டைப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம்கூட இல்லை. ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி வடித்துச் சாப்பிட்டாலும் 40 மில்லிகிராமைத் தாண்டாது. செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதில் கால்சியமும் இல்லை, விட்டமின் டியும் இல்லை. சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு, சாயங்காலம் ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு டீ என்று போகும் பையன் 300, 400 மில்லிகிராமிலேயே நின்றுவிடுவான். வயிறு நிறைந்திருக்கும், எலும்பு பட்டினி கிடக்கும்.

இது நமக்குப் புதிதாகத் தெரிந்த சங்கதி இல்லை. 1930களில் நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் அய்க்ராய்ட், கிருஷ்ணன் என்ற ஆய்வாளர்கள், அரிசியையே பெரிதும் நம்பிச் சாப்பிட்டு வந்த பிள்ளைகளுக்கு வெண்ணெய் எடுத்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். பால் குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட உயரத்திலும் எடையிலும் முந்தினார்கள். அரிசிச் சாப்பாட்டில் கால்சியம் போதாது என்ற சந்தேகத்தில், கால்சியம் லாக்டேட் என்ற உப்பை மட்டும் தனியாகக் கொடுத்தும் சோதித்தார்கள். அந்த ஆய்வகம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் போய், பிற்பாடு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. தமிழ்நாட்டு மலையில் கண்டறிந்த உண்மை, எண்பது தொண்ணூறு ஆண்டு கழித்தும் தமிழ்நாட்டுப் பையன் தட்டுக்கு வரவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பால் ஆகாது என்கிறீர்கள். பரவாயில்லை, வற்புறுத்தாதீர்கள். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாதவர்கள் நம்மில் நிறைய. தயிராக உறைந்தால் அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடும், சுண்ணாம்புச் சத்து அப்படியே இருக்கும். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம், அதைத் தோய்த்த தயிரிலும் அதேதான். ஆவின் நீல பாக்கெட்டுக்கும் ஆரஞ்சு பாக்கெட்டுக்கும் வித்தியாசம் கொழுப்பில்தானே தவிர, கால்சியத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. விலை குறைந்ததையே வாங்குங்கள். பாக்கெட்டில் கூட்டல் குறியோடு 'எஃப்' என்ற நீல முத்திரை இருந்தால் விட்டமின் ஏ, டி சேர்த்தது என்று அர்த்தம். ஆனால் அப்படிப்பட்ட பாலிலும் ஒரு டம்ளருக்கு 40 முதல் 60 யூனிட் டிதான் கிடைக்கும். அவனுக்கு வேண்டியது நாளுக்கு 600. அதற்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது கேழ்வரகு. 100 கிராமில் 350 மில்லிகிராம் சொச்சம். வேறெந்தத் தானியமும் கிட்டே வராது. மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீர்கள், வெயில் ஏறும் நேரத்தில் பானையும் தட்டுமாகக் கூழ் வண்டி நிற்கும். முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசி போட்டுக் காய்ச்சி, மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் ஒரு துண்டு கருவாடும் வைத்துக் கொடுப்பார்கள். மருந்து எழுதும் எனக்கே அதைவிட நல்ல சீட்டு எழுதத் தெரியாது. காரணம் சொல்கிறேன். கேழ்வரகில் ஃபைட்டேட் என்ற பொருளும் இருக்கிறது. அது கால்சியத்தையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு குடலில் ஒட்டவிடாது. மாவு புளிக்கும்போது அந்தப் பிடி தளர்ந்துவிடும். கேழ்வரகை முளைகட்டி அரைத்தாலும் அப்படியே. ஆகவே, கஞ்சி காய்ச்சுவதானால் முளைகட்டிய மாவில் காய்ச்சுங்கள், மற்றபடி புளித்த கூழே மேல். மோர் சேர்ந்தால் கால்சியம் இன்னும் கூடுகிறது. கருவாடு சேர்ந்தால் புரதமும் வருகிறது.

கருவாடு என்றதும் சென்னாக்குன்னியை நினைத்துக்கொள்கிறேன். சைதாப்பேட்டையில் இருந்தபோது நீங்கள் தொக்கு செய்யாத வாரம் இருந்திருக்காது. அந்தப் பொடி இறாலை ஓட்டோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்து ஏராளம். நெத்திலியும் காரப்பொடியும் அப்படித்தான், முள்ளோடு மென்று சாப்பிட முடிகிற மீனாக இருக்க வேண்டும். வஞ்சிரம் துண்டில் முள்ளைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம், அதில் கால்சியம் சொற்பம். மலிவான மீன்தான் எலும்புக்கு நல்லது என்பதைச் சங்கடமில்லாமல் நம்புங்கள். மத்தி கிடைத்தால் விட்டமின் டியும் சேர்ந்து வரும். கருவாட்டை மட்டும் வெந்நீரில் இரண்டு மூன்று தரம் அலசிப் போடுங்கள். உப்பு கூடினால் கால்சியம் சிறுநீரில் வெளியேறும். ஊறுகாய்க்கும் சிப்ஸுக்கும் இதே பேச்சுதான்.

கீரையில் முருங்கைக்குத்தான் என் ஓட்டு. ஒரு கைப்பிடி இலையை அடை மாவில் கிள்ளிப் போட்டால் 100 மில்லிகிராமுக்கு மேல் கிடைத்துவிடும். பசலையில் சத்து இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பூட்டி வைத்துவிடுகிறது. எள்ளுருண்டை ஒன்று, கொள்ளுத் துவையல் கொஞ்சம், சத்துணவில் வரும் முட்டை, மாலையில் வேர்க்கடலையோ சுண்டலோ. காலையில் கூழ், மதியம் மோர், இரவில் முருங்கை அடை என்று ஒரு நாள் போனாலே தேவையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தினமும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் இப்படி அமைந்தால் எனக்குத் திருப்தி.

துத்தநாகம் என்றேனே, அதற்கு ஒரு பழைய கதை உண்டு. பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தார். அவரிடம் வந்த ஒரு வாலிபனுக்கு வயது 21, பார்த்தால் பத்து வயதுப் பையன். மீசை இல்லை, குரல் உடையவில்லை, எலும்பு வளரவில்லை. அப்படி இன்னும் பல பேர் அந்த ஊரில் இருந்தார்கள். புளிக்க வைக்காத ரொட்டியே அவர்கள் சாப்பாடு, இறைச்சி கிட்டத்தட்ட இல்லை. காரணம் துத்தநாகக் குறைவு என்பதை எகிப்தில் தொடர்ந்த ஆய்வில் நிறுவினார். துத்தநாகம் கொடுத்தபோது பையன்கள் வளர்ந்தார்கள், பருவமும் எய்தினார்கள். அதுவரை மனிதனுக்குத் துத்தநாகக் குறைவு வரும் என்றே உலகம் நம்பவில்லை. இன்று நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2016–18இல் மத்திய சுகாதார அமைச்சகம் நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுள்ள பிள்ளைகளில் 32 சதவீதம் பேருக்குத் துத்தநாகக் குறைபாடு, 24 சதவீதம் பேருக்கு விட்டமின் டி குறைபாடு. புளித்த மாவு, முளைகட்டிய பயறு, கடலை, முட்டை, மீன், வாரம் ஒரு தரம் இறைச்சி இருந்தால் துத்தநாகத்துக்கென்று தனியே மாத்திரை வேண்டாம்.

வெயிலுக்கு வருகிறேன். காலை இளவெயிலில் நின்றால் விட்டமின் டி வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் ஆறரை ஏழு மணி வெயிலில் அதற்கான கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம் எதுவோ, அதுவே சரியான நேரம். நம் ஊரில் காலை பத்தரையிலிருந்து இரண்டரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தோல் கறுப்பு என்பதால் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். கையும் காலும் முகமும் படும்படி இருபது முப்பது நிமிஷம், வாரத்தில் மூன்று நான்கு நாள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது. எட்டடுக்குக் கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் உங்கள் குடியிருப்பில் வீட்டுக்குள் வெயில் தேட வேண்டாம். பள்ளியில் மதிய இடைவேளையில் மைதானத்தில் திரியட்டும், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பந்தாடினால் திட்டாதீர்கள். கத்திரி வெயிலில் மட்டும் நேரத்தைக் குறைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள்.

ஆட்டம் என்பது வெயிலுக்காக மட்டும் இல்லை. குதித்தும் ஓடியும் தரையில் அதிர்ந்தும் ஆடும் ஆட்டம்தான் எலும்பை அடர்த்தியாக்குகிறது. கால்சியம் எவ்வளவு உள்ளே போனாலும், அசையாத பிள்ளையின் எலும்பு அதை வாங்கிக்கொள்வது குறைவு. உங்கள் பக்கத்திலேயே கண்ணகி நகர் இருக்கிறது. அங்கே கபடி ஆடி வளர்ந்த கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு ஏ.சி. ஜிம் எதுவும் தேவைப்படவில்லை. மாவுக்கட்டு பிரித்த பிறகு மருத்துவர் சொல்லும் காலம் வரை கையில் அதிர்ச்சி படும் ஆட்டம் வேண்டாம். அப்புறம் அவனைத் தடுக்காதீர்கள். ஜிம்முக்குப் போனால் உயரம் நின்றுவிடும் என்பது தவறு. தண்டால், பஸ்கி, புல்–அப்ஸ், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருந்தால் லேசான எடை, இவையெல்லாம் செய்யலாம். பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்குப் போகும் பணத்தில் வீட்டுக்கே முட்டையும் கடலையும் வாங்கலாம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. பெயர் தெரியாத சில பவுடர்களிலும் ஊசிகளிலும் ஸ்டீராய்டு இருக்கும். வளரும் பையனுக்கு அது போனால் எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும், பிறகு ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடாது. இதை அவனிடம் நேரடியாகச் சொல்லுங்கள். உயரத்தில் ஆசை உள்ள பையனுக்கு இந்த ஒரு வார்த்தை போதும். கூடவே, உதட்டுக்கடியில் ஒதுக்கும் புகையிலைப் பை பற்றியும் பேசிவிடுங்கள். நிகோட்டின் எலும்பு கூடுவதையும் தாமதப்படுத்தும்.

முட்டிக்குக் கீழே வலி என்றீர்கள். முழங்கால் சிப்பிக்கு இரண்டு விரல்கடை கீழே, கணைக்கால் எலும்பின் முன்பக்கம் தொட்டுப் பாருங்கள். சின்ன மேடாக இருந்து, அழுத்தினால் வலித்தால், அது ஓடியாடும் பையன்களுக்கு வளர்ச்சிக் காலத்தில் தசைநார் இழுப்பதால் வரும் வலி. கால்சியக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ் ஒத்தடம், சில வாரம் குதிப்பதைக் குறைப்பது, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி போதும். அப்படி இல்லாமல் இரண்டு தொடையிலும் இடுப்பிலும் ஆழமாக வலித்தால், மாடிப்படி ஏறச் சிரமப்பட்டால், நடை அசைந்து அசைந்து போனால், முழங்கால்கள் உள்பக்கம் இடிக்கத் தொடங்கினால், அல்லது சின்ன அடியில் இன்னொரு எலும்பும் விட்டால், அது வேறு விஷயம். அப்போது மணிக்கட்டு எக்ஸ்ரேயும் ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் அளவும் பார்க்க வேண்டும். வலிப்புக்கு நீண்டகாலம் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கும் இந்தக் கவனம் தேவை. பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விட்டமின் டி குறைபாட்டையும் சேர்த்தே பார்க்கிறது. குழு வரும் நாளில் அவன் லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேன் தண்ணீர் பற்றிச் சுருக்கமாக: சுத்திகரிக்கும்போது தாதுக்கள் போவது உண்மை. ஆனால் லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தாலும் 150தான் வரும். எலும்பு விட்டதற்குத் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு டம்ளர் தயிர் அந்தக் கணக்கை ஈடுகட்டிவிடும்.

உங்களுக்கு மட்டுமல்லாமல் இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எலும்பு என்றாலே பெண்களின் பிரச்சினை என்று வைத்துவிட்டோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தேய்மானம் வருவது உண்மைதான். ஆனால் முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பின் இறந்துபோகிற வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். அந்த முதியவனின் எலும்பு 14 வயதில் கட்டப்பட்டது. இந்தப் பையன்களை யார் கவனிக்கிறார்கள்? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. முட்டையோடு வரும் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. கால்சியம் மிக அதிகமாகத் தேவைப்படும் 16, 17 வயதில், பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு கவளமும் இல்லை. அம்மா ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் வீட்டில் அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று கேட்கவும் ஆள் இல்லை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதைப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுவரலாம். மேல்நிலை வகுப்புகளுக்கும் சத்துணவை நீட்டி, வாரம் இரண்டு நாள் கேழ்வரகு சேர்க்கலாம். இவற்றை நான் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

கடைசியாக உங்கள் சின்னவன். ஒன்பது வயதில், நோய் எதுவும் இல்லாமல், முன்னெச்சரிக்கையாகக் கால்சியம் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். கொடுக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டுக் கிராமங்களில், கால்சியம் மிகக் குறைவாகச் சாப்பிட்டு வந்த 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு மாத்திரை கொடுத்தார்கள். எலும்பில் தாது ஏறியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட பையன்களுக்கு வளர்ச்சி வேகம் ஏழு மாதம் முன்னதாகவே வந்து, முன்னதாகவே முடிந்திருந்தது. 23 வயதில் மற்றவர்களைவிட அவர்கள் சராசரியாக மூன்றரை சென்டிமீட்டர் குட்டை. பெண் பிள்ளைகளுக்கு அப்படி ஆகவில்லை. அங்கே நடந்தது இங்கேயும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேவையில்லாத பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கும் முன் யோசிக்க இது போதும். அண்ணனுக்கு ஊற்றும் கூழில் அவனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள், நெத்திலி வறுத்தால் அவன் தட்டிலும் நாலு வையுங்கள். பெரியவனுக்கு மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எண் 20ஐத் தாண்டியிருந்தால், அவனுக்கும் வேறு மருந்து எதுவும் தேவைப்படாது.